நாம் முகர்ந்த விஸ்கி

குடியாதவன் குடியின் சுவையைப் பற்றி எழுதப் புகுந்தால் உலகம் நகையாதோ? நகைக்கும். நகைத்த பின்னராவது நேயர்கள் இதனைப் படித்து முடிப்பார்களாக.

நாம் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். நமக்கு அகவை எண்பதை நெருங்குகின்றது. இத்தனை ஆண்டுகளில் கள்ளோ, சம்சுவோ, விஸ்கியோ ஒரு துளியும் நம் நாவிற் பட்டதில்லை. அது நம் பெருமையன்று. நம் அன்னையார்க்குக் கொடுத்த வாக்கு.

நம் தந்தையார் துரை பங்களாவில் மேசைப்பணி புரிந்தவர். மாலைதோறும் துரைக்கும் அவர் விருந்தினர்க்கும் 'ஸ்தெங்கா' கலந்து கொடுப்பது அவர் கடமை. பாதி என்று பொருள்படும் 'செத்தெங்கா' என்னும் மலாய்ச் சொல்லே வெள்ளையர் வாயில் அவ்வாறு தேய்ந்தது. பாதி விஸ்கி, பாதி சோடா நீர். துரை பாதியோடு நின்றார். நம் தந்தையாரோ வீடு திரும்பும் வழியில் சம்சு குடிப்பார். அவர்க்குப் பாதி என்பது கிடையாது. 1961-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபொழுது அவர்க்கு வயது நாற்பத்திரண்டு. அவர் ஈட்டி வைத்ததாக வீட்டில் இருந்தது துரை கழித்த ஒரு வெற்று விஸ்கிப் போத்தல். அம்மா அதனைச் சாம்பலிட்டு மும்முறை கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். அந்தப் போத்தலின் முன் நின்றுதான் நாம் வாக்களித்தோம்.

நிற்க. நம் ஒரே மகன் சிங்கப்பூரில் பொறியாளனாய்ப் பணிபுரிகின்றான். நல்லவன், உழைப்பாளி. ஆறாண்டுகட்கு முன் அவன் வீட்டு அலமாரியில் விஸ்கிப் போத்தல்கள் வரிசையாய் நிற்கக் கண்டோம். அன்று முதல் அவன் வீட்டில் நாம் கை நனைத்ததில்லை. போவோம், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவோம், பசியோடு திரும்புவோம்.

சென்ற பொங்கலன்று மாலை அவன் நம்முன் மூன்று சிறு கிண்ணங்களை வைத்தான். நமக்குச் சினம் மூண்டது.

"அப்பா, நீங்கள் குடிக்க வேண்டா. முகர்ந்து மட்டும் பாருங்கள். நான் எதனை விரும்புகின்றேன் என்பதை ஒருமுறை அறிந்துகொள்ளுங்கள். பிறகு ஏசுங்கள்" என்றான்.

ஏசுவதற்கேனும் அறிந்து ஏசுதல் நன்று என அமர்ந்தோம்.

விஸ்கியைத் தேர்ந்து மதிப்பிடுவோர்க்கு நாவினும் மூக்கே முதற்கருவியாம். பல விஸ்கிகளைக் கலந்து ஒன்றாக்கும் வல்லுநர் பெரும்பாலும் முகர்ந்தே முடிவு செய்கின்றனர். நாளெல்லாம் குடித்தால் தொழில் நடவாதன்றோ? அடி அகன்று வாய் குறுகிய கிண்ணத்தில் சிறிது ஊற்றுவர். சில துளி நீர் சேர்ப்பர். வாயைச் சற்றே திறந்தபடி மெல்ல முகர்வர். ஆவலோடு மூக்கை நுழைத்து இழுத்தால் சாராயத்தின் காரம் மற்றெல்லா மணங்களையும் மறைத்துவிடும்.

முதற் கிண்ணம் அமெரிக்க நாட்டு 'பர்பன்'. அதற்குரிய தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். உட்புறம் தீயிற் கரித்த புதிய ஓக் மரப் பீப்பாயில் அதனை வைத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மகன் ஒரு தாளைப் பார்த்து, 'வனிலா' என்று படித்தான். நமக்கோ தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்ச்சிய பாயசம் நினைவுக்கு வந்தது. அடியில் வெல்லப்பாகு சற்றே காந்தியிருந்தது. அதனைச் சொன்னோம். அவன் வியந்தான். ஓக் மரத்தில் தேங்காய் மணம் தரும் பொருள் ஒன்று உண்மையாகவே உண்டாம்.

இரண்டாவது ஸ்காத்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பக்கத்தது. ஷெரி என்னும் திராட்சை மது இருந்த பீப்பாயிற் கிடந்தது. ஸ்காத்லாந்திலேயே மூன்றாண்டுகட்குக் குறையாது ஓக் பீப்பாயில் உறங்கினாலன்றி எதனையும் ஸ்காச் விஸ்கி எனல் ஆகாது. உறங்கும் காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்களவு காற்றிற் கலந்து போகுமாம். அதனைத் 'தேவதைகளின் பங்கு' என்பர் அந்நாட்டார். இதற்குத் தாளில் 'கிறிஸ்துமஸ் கேக்' என்றிருந்தது. நாம் சொன்னது உலர்ந்த திராட்சை, கிராம்பு, பழைய மரப்பெட்டியில் மடித்து வைத்த பட்டுச்சேலை. கிராம்புக்கு மணம் தரும் பொருளும் அந்த மரத்தில் உண்டென்றான் மகன்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். 1979-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து ஆராய்ச்சியாளர் விஸ்கியின் மணங்களை வகுத்து ஒரு சக்கரமாக வரைந்து வெளியிட்டனர். ஒருவர் சொல்வது மற்றவர்க்கு விளங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும், மணத்திற்குச் சொல் எங்கிருந்து வருகின்றது? அவரவர் அடுக்களையிலிருந்தும், அவரவர் தெருவிலிருந்தும் அன்றோ வருகின்றது? கமறல், காந்தல், மொச்சை, முடை, கவிச்சி, பூஞ்சணம் என நம் மொழியில் மூக்குக்குரிய சொற்கள் எத்துணை! நாற்றம் என்ற சொல்லே பண்டு நறுமணத்தைக் குறித்தது. பிறர் எழுதிய தாளைப் பார்த்து முகர்பவன் பிறர் மூக்கால் முகர்கின்றான்.

மூன்றாவது கிண்ணத்தை எடுத்தோம். அது ஸ்காத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலாத் தீவில் வடித்தது. ஆங்கு மரம் அருகிய சதுப்பு நிலத்தில், பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிக் கரிமண்ணாய்க் கிடக்கின்றன. 'பீட்' என்பர். அதனை வெட்டி உலர்த்தி எரித்து, அப்புகையில் முளைவிட்ட பார்லியைக் காயவைப்பர். புகை தானியத்திற் பற்றுகின்றது. வடித்த பின்னும் நீங்குவதில்லை.

முகர்ந்தோம். கிண்ணத்தைக் கீழே வைத்தோம். மீண்டும் எடுத்து முகர்ந்தோம்.

"என்ன அப்பா?" என்றான் மகன்.

"உன் பாட்டியின் சேலை" என்றோம்.

அவனுக்கு விளங்கவில்லை. நம் அன்னையார் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். ரப்பர்ப் பாலை உறையவைத்து, உருளையிற் கொடுத்துத் தகடாக்கி, அத்தகடுகளை மூங்கிற் கழிகளிலே தொங்கவிட்டு விறகுப் புகையில் நாட்கணக்காய் உலர்த்துவர். அந்தப் புகை அவர் சேலையில், கூந்தலில், அவர் பிசைந்து தந்த சோற்றிற்கூட இருந்தது. அந்தக் கிண்ணத்தில் புகை மட்டுமா இருந்தது? ஆஸ்பத்திரியும் இருந்தது. ஒருநாள் இரவு நம் தந்தையார் குடித்துவிட்டுக் கால்வாயில் வீழ்ந்து நெற்றி பிளந்தார். அம்மா முந்தானையால் குருதியை அழுத்திப் பிடித்திருந்தார். டிரெசர் வந்து அயோடின் தடவினார். அரிக்கேன் விளக்கைப் பிடித்திருந்தவர் நாம். அப்பொழுது நமக்கு வயது ஒன்பது. புகையும் அயோடினும் கலந்த அந்த மணத்தை எழுபதாண்டு கழித்து, கடல் கடந்து வந்த ஒரு கிண்ணத்தில் கண்டோம்.

"பாட்டிக்குப் புகைக்கூடத்திலா வேலை?" என்று கேட்டான் மகன்.

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. ஐலாத் தீவின் மண் எத்தகையது என அறிந்த நம் மகன், தன் பாட்டி எங்கே உழைத்தார் என்பதை அறியான். பிழை அவனதன்று. குடியாதே என்று ஆயிரமுறை சொன்னோம். ஏன் என்று ஒருமுறையும் சொன்னோமில்லை. தந்தையாரின் இழிவை மறைக்க எண்ணி, அன்னையாரின் உழைப்பையும் சேர்த்தன்றோ மறைத்துவிட்டோம்! அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவன் கிண்ணத்தைத் தொடவேயில்லை.

அவன் குடியை விட்டானோ எனின், இல்லை. எப்பொழுதேனும் சிறிது அருந்துகின்றான். நமக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை. சுவைத்துக் குடித்தாலும் மடமடவெனக் குடித்தாலும் ஈரலுக்கு வேற்றுமை தெரியாது. அதனையும் அவனிடம் சொன்னோம்.

ஆயினும் ஒன்று விளங்கிற்று. நம் மகன் ஒரு மிடற்றை நாவில் நிறுத்தி எண்ணுகின்றான். நம் தந்தையார் ஒரு போத்தலை மூச்சுவிடாது கவிழ்த்தார். இவன் நினைக்கக் குடிக்கின்றான். அவர் மறக்கக் குடித்தார். சுவை பார்க்க ஓய்வு வேண்டும். நாளைக்குச் சோறு உண்டு என்னும் உறுதி வேண்டும். லயத்து மனிதனுக்கு அவ்விரண்டும் இல்லை. கள்ளுக்கடை மட்டும் அருகில் இருந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் அக்கடைகளின்முன் மறியல் செய்தது, சுவையறியாமையாலன்று. அந்தக் கடைகளில் வீடுகள் கரைவதைக் கண்டதனால்.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு விலக்கு இருக்கலாம். குடியாதே, சூதாடாதே, கடன்படாதே என்று பிள்ளைகட்கு ஆணையிடுகின்றீர்கள். அந்த ஆணையின் பின்னே நிற்கும் கதையையும் சொல்லுங்கள். நாணமாயிருப்பினும் சொல்லுங்கள்.

மறுநாட் காலை மருமகள் இட்டிலி வைத்தாள். ஆறாண்டுகட்குப் பின் அவ்வீட்டில் கை நனைத்தோம்.