டப்ளினில் ஓர் இராட்சத மான்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், அந்நாட்டுப் பார்லிமெண்ட் கூடும் லெயின்ஸ்டர் மாளிகையை அடுத்து ஒரு பழைய கற்கட்டிடம் நிற்கிறது. 1857-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட பிராணிகளின் காட்சிச்சாலை அது. 'செத்த மிருகங்களின் தோட்டம்' என்று ஊரார் அதற்குச் செல்லப் பெயர் இட்டிருக்கிறார்கள்! செப்பனிடுவதற்காக 2024-ல் அதை மூடும் வரையில், உள்ளே நுழைந்தவர்களை முதன்முதலில் எதிர்கொண்டவை இராட்சத மான்களின் எலும்புக்கூடுகளே.

தோள்மட்டும் ஏறக்குறைய 7 அடி உயரம். ஆண்மானின் கொம்புகளோ 12 அடி வரை அகலம்! சதுப்பு நிலங்களின் அடிக்களிமண்ணிலிருந்து இவ்வெலும்புகள் கிடைத்தன. 1697-ல் இவற்றை ஆராய்ந்த டப்ளின் வைத்தியர் தாமஸ் மோலினோ, கடவுள் படைத்த எந்த இனமும் அடியோடு அழியாது என்று நம்பினார். ஆகவே இந்த மான் அமெரிக்காவில் இன்னும் உலவுகிறது என்று முடிவு கட்டினார். 1812-ல் பிரெஞ்சு அறிஞர் குவியே, உயிரோடுள்ள மான்களின் எலும்புகளோடு ஒப்பிட்டு, அவ்வினம் உலகை விட்டே மறைந்தது என்று நிலைநாட்டினார். எலும்புகள் சாட்சி சொல்லின, நம்பிக்கை வழிவிட்டது.

ஆனால் அச்சாட்சியைக் குழந்தைகள் கையில் கொடுக்க முடியுமா? மூலம் உடைந்தால் மறுபடி கிடைக்காது. ஆகையால் காட்சிச்சாலைகளில் எலும்பின்மீது சிலிக்கோனைப் பூசி அச்செடுத்து, அதற்குள் பிளாஸ்டரையோ ரெசினையோ ஊற்றி வார்ப்பு எடுக்கிறார்கள். மூலத்திலுள்ள சிறு கீறலும் வார்ப்பில் பதிந்துவிடும்.

மானின் பின்னங்கால் எலும்பு வார்ப்பை ஒரு சிறுமி தடவிப் பார்க்கட்டும். முன்புறத்தில் நீளமாக ஒரு பள்ளம் விரலில் தட்டுப்படும். இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்த தடம் அது. நம் வீட்டுப் பசுவின் காலும் அவ்விதந்தான்; பிளந்த குளம்பே அதற்குச் சான்று. பசுவின் கொம்பு ஆயுள் முழுதும் நிற்கும். மானின் கொம்போ முழு எலும்பு, வருஷந்தோறும் உதிர்ந்து மறுபடி முளைப்பது. ஆண்டுதோறும் 12 அடிக் கொம்பை வளர்க்க அம்மான் எத்தனை இரை தின்றிருக்க வேண்டும்! குளிர் மிகுந்து புல் குறைந்தபோது என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி சிறுமியின் மனத்தில் தானே எழும்.

வார்ப்பு வெறும் போலிதானே என்பார் உண்டு. கண்ணாடிக்குப் பின்னாலுள்ள அசல் நம்மை வியக்க வைக்கும். கையிலுள்ள நகலோ நம்மைக் கேள்வி கேட்க வைக்கும். விஞ்ஞானம் பிறப்பது இரண்டாவதில் அல்லவா?