முள்ளும் சக்கரமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்தின் வழியே கொள்ளிடக் கரைக்குச் சைக்கிளில் செல்வது தனி இன்பம். பின்னால் மலைக்கோட்டை, எதிரே, 1987-ம் வருஷம் பூர்த்தியான 236 அடி உயர ராஜகோபுரம். ஆனால் கரையோரத்து மண்பாதையிலே சீமைக் கருவேல முள் நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது!

காற்றடைத்த டயருக்கு 1888-ல் காப்புரிமை பெற்றவர் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர். அன்று முதல் முள் நமக்குச் சத்துரு. டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடுவது பழைய முறை. மண்பாதைக்கென்றே வந்துள்ள 'மவுண்டன் பைக்'குகள் பலவற்றிலோ டியூபே கிடையாது. டயருக்குள் ரப்பர்ப் பால் கலந்த திரவம் இருக்கும். முள் குத்தினால், வெளியேறும் காற்றே அதைத் துளைக்கு இழுத்துச் சென்று உறையவைத்து அடைத்துவிடும். எனவே, முள்ளைப் பிடுங்கியதும் துளையைக் கீழ்ப்புறமாகத் திருப்பிச் சற்றுப் பொறுத்திருங்கள். துளை பெரிதானால் ரப்பர்த் திரியைச் செருகத்தான் வேண்டும். ஆரக்கம்பிகளின் அடியில் சோப்பு நீர் குமிழியிட்டால், உள்ளே ஒட்டிய நாடா பழுதென்று அறியலாம்.

ஒரே எச்சரிக்கை: திருச்சி வெயிலில் அத்திரவம் சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்கொரு முறை பார்த்துப் புதிதாக ஊற்றாதவர்கள், கொள்ளிடத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பள்ளிகொண்ட பெருமாளை எழுப்பிப் பயனில்லை!