கோமேரெஸ் ஏற்றத்தில் ஈட்டி மரம்

ஜெர்மனியில் முதுகலை படிக்க வந்த நம் பிள்ளைகளுக்கு மார்ச் மாத விடுமுறை என்றாலே ஸ்பெயின்தான். டிக்கெட் மலிவு, வெயில் இலவசம். பார்சிலோனாவில் கௌடியின் தேவாலயம், மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம், வாலென்சியாவில் ஒரு தட்டு பாயெயா என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஆனால் மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பான். மாட்ரிட்டில் ஒரு நினைவுப்பொருள் கடையில் கருப்புத் தட்டில் தங்கக் கோலம் போட்ட பதக்கம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, எப்படிச் செய்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். “டொலேடோவில் போய்க் கேள்” என்றார். பாதிப் பயணம் அங்கேயே மாறிவிட்டது.

டொலேடோ விரைவு ரயிலில் அரை மணி நேரம். தாகோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொள்ள, பாறைமேல் ஏறி நிற்கும் ஊர். வாளுக்குப் பேர்போனது. மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1761-இல் இங்கே அரசு ஆயுதத் தொழிற்சாலையையே தொடங்கி வைத்தார். கட்டடக்கலைஞர் சபாத்தினி வரைந்த அந்தக் கட்டடத்தில் இப்போது பல்கலைக்கழக வகுப்புகள் நடக்கின்றன. கடைத்தெருவில் இன்றும் வாளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசலில் மாட்டியிருப்பவற்றில் பாதி, ஹாலிவுட் படங்களில் மந்திரவாதிகள் தூக்கிக்கொண்டு அலையும் வாள்கள்.

நான் தேடிப்போன வேலைக்குப் பெயர் தமாஸ்கினாதோ. எஃகில் தங்கம் பதிப்பது. நம் உதய்ப்பூர்ப் பக்கம் கத்திப் பிடிகளில் கோஃப்த்கரி என்று செய்கிறார்களே, ஏறத்தாழ அதே முறை. கதீட்ரலுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடை ஜன்னலை ஒட்டி ஒரு பெரியவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். மரக்கட்டையில் கருங்கீல் பூசி, அதில் உள்ளங்கையளவு எஃகுத் தகட்டை ஒட்டவைத்திருந்தார். கூரான சிறு கத்தியால் தகட்டின்மேல் நெருக்கமாகக் கீறிக்கொண்டே போனார். ஒரு திசையில் கீறி முடித்ததும் கட்டையைச் சற்றுத் திருப்பி, கீறலின் குறுக்கே மறுபடி கீறல். விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்த இடம் விரலுக்கு அரம் மாதிரி சொரசொரத்தது. அந்தப் பற்கள்தான் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். பசையும் கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. தலைமுடி கனத்தில் தங்க இழையை இடது கையால் வளைத்துக் கொடுக்க, வலது கையில் இருக்கும் சின்னச் சுத்தியல் அதை இம்மி இம்மியாக உள்ளே இறக்குகிறது.

பிறகு தகட்டைக் காஸ்டிக் சோடாவும் வெடியுப்பும் கலந்த கொதிகரைசலில் போடுகிறார்கள். எஃகு கறுத்துவிடும், தங்கம் சட்டை செய்யாது. கறுத்த நிலத்தில் தங்கக் கொடி எழுந்து நிற்கும்போது, நுண்ணிய உளிகளால் இலைக்கு நரம்பும் பறவைக்கு இறகும் தட்டி முடிப்பார்கள்.

அவருக்குப் பக்கத்திலேயே ஒரு கூடை. இயந்திரத்தில் அச்சடித்து முலாம் பூசிய பதக்கங்கள், சாவிக்கொத்துகள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். “எது அதிகம் போகிறது?” என்று கேட்டேன். என் அரைகுறை ஸ்பானிஷைப் பொறுத்துக்கொண்டு கூடையை நோக்கி முகவாயை ஆட்டினார். சுற்றுலாக் கூட்டத்துக்கு இந்த ஊரில் சில மணி நேரம்தான், கீறுவது எதற்கு என்று அவர் விளக்கத் தொடங்குவதற்குள் வழிகாட்டி கொடியை உயர்த்திவிடுகிறார். வாங்கிப்போன பதக்கத்தில் பத்து வருடம் கழித்துத் தங்கம் பெயர்ந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரப்போகிறவர் யாருமில்லை. இதை அவர் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது எனக்குத் தோன்றியது, மற்ற ஊர்களில் என் கண் தேடியதும் அப்படிச் சண்டைக்கு வரும் ஆளைத்தான்.

செவில்யாவில் மார்ச் மாதம் தெருவெல்லாம் ஆரஞ்சுப் பூ வாசனை. பழம் மட்டும் வாயில் வைக்க முடியாத கசப்பு. குவாதல்கிவிர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது திரியானா, பழைய குயவர் பேட்டை. ஊரின் காவல் தெய்வங்களான புனித ஹூஸ்தாவும் ருஃபீனாவும்கூடப் பானை விற்ற சகோதரிகள் என்பது ஐதீகம். ஆற்றங்கரைக் களிமண்ணை எடுத்து இங்கே சுட்ட ஓடுகள்தான் 1929 கண்காட்சிக்காக அனிபால் கோன்சாலெஸ் கட்டிய பிளாசா தே எஸ்பான்யாவை மூடியிருக்கின்றன. ஸ்பெயினின் மாகாணங்களுக்கு ஒவ்வொன்றாய் அங்கே ஓட்டுத் திண்ணைகள் உண்டு. ஸ்பானியர்கள் தங்கள் மாகாணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

திரியானாவின் பழைய சூளைகள் பலவும் அணைந்துவிட்டன. சாந்தா ஆனா என்ற பெரிய ஓட்டுத் தொழிற்சாலை 2014 முதல் அருங்காட்சியகம். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்னும் வேலை நடக்கும் இடங்கள் சில இருக்கின்றன. ஒன்றில் நடுவயதுப் பெண்மணி ஒருவர் ஓட்டுக்கு வண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தார். கோடுகளை மாங்கனீசு ஆக்சைடும் எண்ணெய்ப் பசையும் கலந்து முதலிலேயே வரைந்துவிடுகிறார்கள். தண்ணீரில் கரைத்த பூச்சு எண்ணெய்க் கோட்டைத் தாண்டாது. அதனால் நீலம் நீலத்தின் பாத்தியிலும் மஞ்சள் மஞ்சளின் பாத்தியிலும் நிற்கும். தூரிகையே இல்லை. கையில் ரப்பர் குமிழ் ஒன்று, நுனியில் மெல்லிய குழல். ஒரு பிதுக்கலில் ஒரு பாத்தி நிறைகிறது. சூளைக்குள் போவதற்கு முன் எல்லா நிறமும் சாம்பலும் வெளுப்புமாகத்தான் இருக்கிறது. வெந்து வந்தபின் எது எப்படி ஒளிரும் என்பது அவர் தலைக்குள் மட்டும்.

அவர் முன்னால் இருந்தது ஒரு மதுக்கடையின் பெயர்ப்பலகை. அலமாரியில் வீட்டு எண்கள், தெருப்பெயர்கள், ஏதோ ஒரு பேட்டைச் சபை கேட்டிருந்த மாதா படம். உள்ளூர்க்காரர்கள் இன்னும் வாங்குகிறார்கள். வாங்கியதைத் தினம் பார்க்கிறார்கள், வெயிலில் வெளுத்தால் கேள்வி கேட்பார்கள். ஊருக்குள் தெத்துவான் தெருவில் 1924-ஆம் ஆண்டுச் சுவர் விளம்பரம் ஒன்று இருக்கிறது. ஸ்டூடபேக்கர் காருக்காகத் திரியானா ஓடுகளில் என்ரிக்கே ஓர்சே வரைந்தது. அந்தக் கார் கம்பெனியே போய்விட்டது, விளம்பரத்தின் நிறம் போகவில்லை.

கிரானடாவுக்குப் பேருந்தில் போனேன். வழியெல்லாம் ஆலிவ் தோப்பு, பிறகு திடீரென்று பனி மூடிய சியெரா நெவாடா. அல்ஹம்ப்ராவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கு ஏறிப்போகும் வழிதான் எனக்கு வேண்டியது. பிளாசா நுவேவாவிலிருந்து மாதுளை வாசல் வரை ஏறும் செங்குத்தான தெரு, குவெஸ்தா தே கோமேரெஸ். இருமருங்கும் கித்தார் பட்டறைகள். தெருவில் நடந்தாலே மரத்தூள் வாசனை அடிக்கும்.

நான் நுழைந்த பட்டறை நம்மூர்த் தையல்கடை அகலம்தான். அறுபதைத் தொட்ட ஒரு மாயெஸ்த்ரோ (ஆசான்), தோல் ஏப்ரன், காதில் பென்சில். படம் எடுக்கலாமா என்றேன். “கையை எடு, முகத்தை எடுக்காதே” என்றார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் எழுந்து போய், பரணிலிருந்து சாக்கில் சுற்றிய இரண்டு பலகைகளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். கருஞ்சிவப்பில் ஊதா ஓடிய ரேகை. எச்சில் தொட்டு ஒரு கோடு இழுத்தார், நிறம் எழுந்து வந்தது. ஈட்டி மரம்! கோயம்புத்தூர்க்காரனான எனக்கு, கூடலூரில் பழைய வீட்டுக் கட்டில்களில் பார்த்த மரம். மலையாளிகள் வீட்டி என்பார்கள். கேரளம், கர்நாடகம், நீலகிரிச் சரிவுகளில் வளர்வது, கித்தாரின் முதுகாகவும் விலாவாகவும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முன்பு இவர்கள் பெரிதும் விரும்பியது பிரேசில் ஈட்டியை. காடு அழிந்து, 1992-இல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நம் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தவர்கள் இப்போது முழுக்கத் திரும்பினார்கள். 2017-இல் ஈட்டி இனம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் போனது. ஒரு கித்தாரை ஜப்பானுக்கு அனுப்பவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது என்று அவர் தலையிலடித்துக்கொண்டார். 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. நம் மாநிலத்தில் ஈட்டியைக் காக்க 1994-லேயே தனிச்சட்டம் வந்தது என்று சொன்னேன். “நல்லது. இல்லாவிட்டால் பிரேசில் கதைதான்” என்றார். மரத்தால் பிழைப்பவர் வாயிலிருந்து இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் வியப்பு.

நம் சம்பந்தம் அதோடு முடியவில்லை. பளபளப்புக்கு இவர்கள் பூசுவது அவலரக்கு. உலகச் சந்தைக்கு அதைத் தருவதில் நம் ஜார்க்கண்ட் காடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். வாரக்கணக்கில். மெஷினில் அடிக்கும் வார்னிஷ் ஒரே நாளில் முடியும், ஆனால் கனமாகப் படிந்து பலகையின் வாயை அடைத்துவிடும் என்பது அவர் கட்சி.

பலகை என்று அவர் சொன்னது மேல்பலகையை. ஸ்ப்ரூஸ் மரம், பல வருடம் காயவைத்தது. ஒற்றை விரலில் தூக்கிப் பிடித்து, முட்டியால் தட்டினார். மணி போல நின்று ஒலித்தது. இழைப்புளியால் சுருள் சுருளாகச் சீவுகிறார், தட்டுகிறார், இரு கையாலும் வளைத்துப் பார்க்கிறார், மறுபடி சீவுகிறார். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்து நிறுத்துவார். கருவியால் அளந்தா நிறுத்துகிறீர்கள் என்றேன். அளவுகோல் இருக்கிறதுதான், ஆனால் ஒரே அளவுக்குச் சீவிய இரண்டு பலகைகள் ஒரே மாதிரி வளையாது, அதனால் கை சொன்ன பிறகுதான் அளப்பாராம். எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த மீள்தன்மை எண் எல்லாம் இவருடைய பெருவிரலில் இருந்தது.

பலகையின் உட்புறம் விசிறி மாதிரி ஏழு மெல்லிய சட்டங்களை ஒட்டுகிறார்கள். அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தே தோரெஸ் (1817–1892) செம்மையாக்கிய அமைப்பு. இன்றைய கித்தாரின் உடலளவும் ஏறக்குறைய அவர் போட்ட கணக்குத்தான். கித்தாரின் குழிவாயைச் சுற்றி வரும் வண்ண வளையம் தனி வேலை. நிறம் நிறமான மரச்சீவல்களை அடுக்கி ஒட்டி ஒரு குச்சியாக்குகிறார்கள். வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் அதே வட்டம் வருவதுபோல, அந்தக் குச்சியை எங்கே வெட்டினாலும் அதே கோலம். மேலே அல்ஹம்ப்ரா வாசலில் தராசேயா என்று எலும்பும் சிப்பியும் மரமும் பதித்த பெட்டிகள் விற்கிறார்களே, அதன் தம்பி முறை வேலை இது. (அந்தப் பெட்டிகளிலும் கோலத்தைத் தாளில் அச்சடித்து ஒட்டியவை கலந்திருக்கின்றன. விளிம்பைப் பாருங்கள், தெரிந்துவிடும்.) ஒட்டுவதெல்லாம் வச்சிரம், மாட்டுத்தோல் காய்ச்சிய பழைய பசை. சூடாக்கினால் விட்டுவிடும், அதனால் நூறு வருடம் கழித்தும் கித்தாரைப் பிரித்துப் பழுதுபார்க்கலாம்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு வாடிக்கையாளர் வந்தார். சாக்ரோமோந்தே குகைகளில் பிளமெங்கோ ஆட்டத்துக்கு வாசிப்பவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, இதே பட்டறையில் பல வருடம் முன் வாங்கிய சைப்ரஸ் மரக் கித்தாரை எடுத்து, ஐந்தாம் மெட்டில் விரல் வைத்து ஒரு கம்பியை இழுத்தார். சர்ரென்று ஓர் இரைச்சல். பிளமெங்கோவுக்குக் கொஞ்சம் இரைச்சல் வேண்டும். இது அதற்கும் மேலே. மாயெஸ்த்ரோ குனிந்து கம்பியின் உயரத்தைப் பார்த்தார். “குகையில் ஹீட்டர் வைத்திருக்கிறாயா?” “குளிர்காலத்தில் வேறென்ன வைப்பது?” “பிறகு என்னைக் குறை சொல்லாதே.” வறண்ட காற்றில் மேல்பலகை தாழ்ந்து, கம்பி கட்டைக்கு நெருங்கிவிட்டிருந்தது. இருவரும் குரலை உயர்த்திக்கொண்டே இருக்க, மாயெஸ்த்ரோவின் கை மட்டும் பழைய எலும்புத் தாங்கியைக் கழற்றிவிட்டுப் புதிய எலும்புத் துண்டொன்றை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. பொருத்தினார். வாசித்தவர் தலையாட்டவில்லை. இன்னும் ஒரு தேய்ப்பு. அதற்கு மேல்தான் ஒரு முழு ராகமாய் வாசித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினார். காசு வாங்கவில்லை.

டொலேடோ பெரியவரிடம் இல்லாதது இந்தச் சண்டைதான். கையில் அவருக்கும் இவருக்கும் வித்தியாசம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இவருக்குப் பொருளைத் திருப்பிக்கொண்டு வந்து திட்டும் ஆள் இருக்கிறார். சீனத் தொழிற்சாலைக் கித்தார் நூறு யூரோவுக்குக் கிடைக்கும் காலத்திலும், சில ஆயிரம் யூரோ கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி, கனடா என்று எங்கெங்கிருந்தோ வந்து, தொழில் கற்று, இதே ஊரில் பட்டறை போட்டவர்களும் உண்டு. கைத்தொழில் அழிகிறது என்று பேசும்போது செய்கிறவரைப் பற்றியே கவலைப்படுகிறோம். கேட்டு வாங்குகிறவர் அழிந்துபோவதைப் பற்றிப் பேசுவதில்லை. சுற்றுலாப் பயணி நல்லவர்தான், காசும் கொடுக்கிறார். ஆனால் எதையும் கேட்பதில்லை. அவரை மட்டும் நம்பிய தொழில் கூடைக்குள் போய்விடும்.

விடுமுறையில் அந்தப் பக்கம் போகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கோமேரெஸ் ஏற்றத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் இரண்டுக்குப் பூட்டினால் ஐந்துக்குத்தான் திறப்பார்கள். கித்தார் வாங்க நம் கையில் காசு இருக்காது, அது அவர்களுக்கும் தெரியும். கேட்டால் காட்டுவார்கள். டொலேடோவில் ஏதாவது வாங்குவதாக இருந்தால் கூடையை விட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் வாங்குங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.