அக்காள் காணாத இரயில்

அந்தமான் தீவுகளில் இருப்புப்பாதை இல்லை. வண்டூருக்குப் பேருந்து வரும்; வண்டூர்த் துறையிலிருந்து படகு புறப்படும்; இரயிலை மட்டும் அங்குள்ள பிள்ளைகள் பலர் படத்தில்தான் கண்டிருப்பர். ஆதலால் 'பதேர் பாஞ்சாலி' புதினத்தில் வரும் துர்காவின் ஏக்கம் பெருநிலத்துப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாய வங்க மொழியில் எழுதிய இப்புதினம் 1929-ஆம் ஆண்டு நூலாயிற்று. ஆர். சண்முகசுந்தரம் இதனைத் தமிழாக்கினார். (பெயர்களின் சரியான ஒலிப்பை வகுப்பிலுள்ள வங்காளித் தோழரிடம் கேட்டறியலாம்.) நிச்சிந்திபூர் என்னும் சிற்றூரில் வறுமையிடையே வளர்பவர்கள் துர்காவும் அவள் தம்பி அபுவும். மாங்காயை உப்பும் எண்ணெயும் இட்டுப் பிசைந்து, தாய் அறியாமல் பகிர்ந்து உண்பர். ஒருநாள் இருப்புப்பாதையைத் தேடி ஓடி, வழிதவறி, அதனைக் காணாமலே திரும்பினர். பின்னர்க் காய்ச்சலில் கிடந்த துர்கா, உடல் தேறியதும் இரயிலைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்டாள். அவள் தேறவில்லை.

சத்யஜித் ராய் 1955-இல் எடுத்த திரைப்படத்தில் இருவரும் நாணற்பூக்களினூடே ஓடி இரயிலைக் கண்டுவிடுகின்றனர். உலகம் போற்றிய காட்சி அது. எனினும், நூலில் துர்கா கடைசிவரை அதனைக் காணாததே நெஞ்சை மிகுதியும் வருத்துகிறது. குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படுகையில் அபு இரயிலில் அமர்ந்திருக்கிறான். ஊர் எல்லையில் நாவல் மரத்தடியில் அக்காள் நின்று தங்கள் வண்டியையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. தொலைவையும் புதுமையையும் குறித்த இரயில், அக்கணம் முதல் பிரிவையும் குறிக்கிறது.

மற்றொரு குறியீடு மிகச் சிறியது. ஆயினும் இரயிலினும் ஆழமானது. அயல்வீட்டாரின் தங்கக் குங்குமச் சிமிழ் ஒன்று காணாமற்போய், பழி துர்காவின்மேல் விழுந்திருந்தது. அவள் மறைந்தபின், புறப்படும் வேளையில் வீட்டைத் துழாவிய அபுவின் கையில் அச்சிமிழ் அகப்படுகிறது. அக்காள்தான் எடுத்திருக்கிறாள்! உரியவரிடம் கொடுத்தால் இறந்தவளின் பெயர் கெடும். தாயிடம் காட்டினால் ஆறாத புண் மீண்டும் கிளறப்படும். தானே வைத்துக்கொண்டாலோ, அவள் கைபட்ட பொருள் ஒன்று தன்னிடம் எஞ்சியிருக்கும். அவன் அதனை மூங்கிற்காட்டுக்குள் வீசி எறிகிறான், எவரிடமும் சொல்லவில்லை. சிறு பிழைகளுக்கெல்லாம் அக்காளின் நிழலில் ஒதுங்கிய தம்பி, முதன்முறையாக அவளுக்குக் காவலாகிறான். அவன் சிறுவனாக இருந்த காலம் அந்த மூங்கிற்புதரிலேயே முடிந்துபோகிறது.