சின்னமும் முகமும்

சென்ற ஆண்டு விடுதிப் பழைய மாணவர் கூடுகைக்கென ஒரு பதாகை அமைக்கும் பொறுப்பு நம்பால் வந்தது. அதில் இடம்பெற வேண்டியவை இரண்டு: விளக்கு பொறித்த விடுதிச் சின்னம் ஒன்று, முப்பதாண்டு மாணவர்க்கு அன்னமிட்டுக் காலஞ்சென்ற, நாம் அண்ணாச்சி என்றழைத்த சமையற்காரரின் முகம் மற்றொன்று. இரண்டும் கைப்பேசியில் இருந்தமையால் வேலை எளிதெனக் கருதினோம். அச்சகத்தில் நான்கடி உயரத்திற்குப் பெருக்கியபோதே நம் அறியாமை வெளிப்பட்டது. சின்னத்தின் வளைவுகள் படிக்கட்டுகளாயின. முகமோ பாய் முடைந்தாற்போற் கட்டங்களாய்ச் சிதறிற்று.

இவ்வகைப் படத்தை ராஸ்டர் என்பர். பிக்ஸல் என்னும் சிறு கட்டங்கள் நிரைநிரையாய் நிற்க, ஒவ்வொன்றிற்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குமேற் கணினி ஒன்றும் அறியாது. 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பார் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தைக் கணினிக்குட் செலுத்தியபோது அமைந்தவை 176 வரிசையில் 176 கட்டங்களே. நம்மிடமிருந்ததோ ஒரு குழுப்படத்தின் மூலை. முகத்தின் உயரம் 40 கட்டங்கள். நான்கடிக்கு விரித்தால் ஒரு கட்டம் ஓரங்குலத்தையும் மிஞ்சும். (அன்று அவரைப் பின்வரிசையில் நிறுத்தியவர் நாமே என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கிறோம்.)

நிற்க. சின்னத்திற்கு வழி பிறந்தது. அச்சகத்து இளைஞர் அதன்மேற் கோடுகளை ஓட்டி வெக்டர் படமாக வரைந்தார். வெக்டரில் கட்டங்கள் இல்லை. இன்ன புள்ளியில் தொடங்கி இன்ன புள்ளிவரை இவ்வாறு வளைக என்னும் கணக்கே உண்டு. பெரும்பாலும் ஒரு வளைவிற்கு நான்கு புள்ளிகள் போதும். ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பியர் பெஸியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், வண்டியின் உடலை வரையக் கையாண்ட முறை அது. எவ்வளவு பெருக்கினும் கணக்கைப் புதிதாய்ப் போட்டே கணினி வரைவதால் விளிம்பு சிதைவதில்லை. அரைமணியில் விளக்கின் சுடர் கூர்மையாய் நின்றது.

நமக்கு ஆசை மிகுந்தது. "முகத்தையும் அவ்வாறே ஆக்கித் தாருங்கள், தம்பி" என்றோம். இளைஞர் தயங்கினார், பின் தானே கோடிடும் செயலியை ஏவினார். வந்ததைக் கண்டு வாயடைத்தோம். நெற்றி ஒரு திட்டு, கன்னம் ஒரு திட்டு, கண்ணிருந்த இடத்தில் இரு கரிய வித்துக்கள். விளிம்பெல்லாம் தெளிவு, அண்ணாச்சி என்று எவருஞ் சொல்லார். சின்னத்தின் வடிவம் இன்னதென நாம் அறிவோம். ஆதலின் கோடு வகுத்தல் இயன்றது. அடுப்புப் புகையிற் சுருங்கிய அக்கண்களின் ஓரத்தை எக்கணக்கால் வகுப்பது? செயற்கை நுண்ணறிவு விடுபட்டதை நிரப்பித் தருமென்றார் நண்பரொருவர். அது நிரப்புவது வேறெவருடைய கண்களையோ என அஞ்சி விடுத்தோம்.

முடிவில் சின்னம் பதாகையில் ஏறிற்று. முகத்தைக் கட்டைவிரல் நகமளவிற் சுருக்கி அழைப்பிதழின் மூலையில் அச்சிட்டோம். வந்தவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதனைப் பார்த்தனர்.