அம்மாவுக்கும் ஒரு சனி, ஞாயிறு!

பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் வந்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். “ஆறு மாசம் இருந்தீங்களே, என்னவெல்லாம் பார்த்தீங்க?” என்றால், “என்னத்தைப் பார்த்தேன்? அடுப்பையும் தொட்டிலையும்தான்!” என்பார்கள். பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி மடிப்பது என்று நாள் ஓடிவிடும். பெற்றவளுக்கும் அதே நாலு சுவர்தான். வெளியே கிளம்பினால் அது டாக்டர் வீட்டுக்காகத்தான் இருக்கும்.

என் பெண் இருப்பது சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்ற ஊரில். பேரனுக்கு நாலு மாதம் முடிந்த சமயம். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கோ எதற்கெடுத்தாலும் எரிச்சல். ரசத்தில் உப்புக் குறைவு என்று ஆரம்பித்த பேச்சில், அம்மாவும் பெண்ணும் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். ஆனால் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு ஊர் சுற்றுவது மருந்தாகாது. என் பெண்ணையும் டாக்டர் பார்த்து, “நோய் ஒன்றுமில்லை. தூக்கமும் மாற்றமும்தான் தேவை” என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளைதான் வழி சொன்னார்: “அத்தை, இந்த சனி ஞாயிறு சமையலே வேண்டாம். எல்லாரும் ஊரைப் பார்க்கலாம்.”

சனிக்கிழமை: சிங்கங்களும் ஒரு குளியலும்

ரயிலேறி யூனியன் ஸ்டேஷனில் இறங்கினோம். குழந்தை தள்ளுவண்டியில். புடவைக்குக் கீழே நான் கான்வாஸ் ஷூ. ஏரிக்காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர். கால் மணி நேரம் நடந்தால் மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் இருக்கின்றன.

1893 செப்டம்பர் 11 அன்று சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையில் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவர் பேசிய பெரிய மண்டபம் இன்று இல்லை. ஆனாலும் வாசற்படியில் கால் வைக்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது.

உள்ளே ஆயிரக்கணக்கில் ஓவியங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் காலும் போகும், கண்ணும் போகும். நாங்கள் பொறுக்கி எடுத்து நாலைந்துதான் பார்த்தோம். அதில் ஒன்று மேரி கஸாட் என்ற அமெரிக்கப் பெண்மணி அதே 1893-ல் வரைந்த ‘குழந்தையின் குளியல்’. கோடு போட்ட உடை உடுத்திய ஒருத்தி, குழந்தையை மடியில் இருத்தி, அதன் பாதத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அலம்புகிறாள். பக்கத்தில் ஒரு கூஜா. அவ்வளவுதான் படம்!

என் பெண் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். “தினம் நீ செய்யறதுதானேம்மா இது!” என்றாள். நாம் வீட்டில் யாரும் கவனிக்காமல் செய்கிற வேலையை, ஒருத்தி இத்தனை அக்கறையாகப் பார்த்து வரைந்திருக்கிறாளே என்று எனக்கும் தோன்றியது.

மதியம் பக்கத்து மில்லினியம் பூங்காவில் தயிர்சாதமும் ஊறுகாயும். எதிரே வானத்தையும் கட்டடங்களையும் தன் மேலே காட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு பெரிய எஃகு அவரைக்கொட்டை. மும்பையில் பிறந்த அனீஷ் கபூர் செய்தது. நாங்கள் மூன்று தலைமுறையும் அதில் கோணல்மாணலாகத் தெரிந்தோம்.

குழந்தை பசித்து அழுதபோது பெண் அங்கேயே பால் கொடுத்தாள். பொது இடத்தில் பாலூட்டத் தாய்க்கு உரிமை உண்டு என்று இந்த மாநிலம் 2004-லேயே சட்டம் செய்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை: எலும்புக்கூடும் ‘பாரு’ம்

காலையில் நாலு பேருமாகக் காரில் ஃபீல்ட் மியூசியம். அங்கே ‘சூ’ என்ற டைனோசரின் எலும்புக்கூடு, சுமார் 40 அடி நீளம். மண்டையோடு பாரம் என்பதால் அதைத் தனியே கண்ணாடிப் பெட்டியில் வைத்து, உடலில் அச்சு வார்த்த தலையைப் பொருத்தியிருக்கிறார்கள்.

‘சூ’ என்ற பெயர் இதைக் கண்டுபிடித்த சூ ஹெண்ட்ரிக்சன் என்ற பெண்ணினுடையது. 1990-ல் தெற்கு டகோட்டாவில் தோண்டப் போன கூட்டத்தில் அவரும் இருந்தார். வண்டி டயர் பழுதாகிவிட, மற்றவர்கள் அதைச் சரிசெய்யப் போனார்கள். இவர் மட்டும், “இந்தப் பாறைப் பக்கம் நாம் பார்க்கவில்லையே” என்று நடந்தார். அங்கே நீட்டிக்கொண்டிருந்தன எலும்புகள்! 1997-ல் அது 83 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

மதியம் மாப்பிள்ளை குழந்தையோடு வீடு திரும்பினார். எடுத்து வைத்த தாய்ப்பால் ஃபிரிஜ்ஜில் தயாராக இருந்தது. (சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் ஃபிரிஜ்ஜில் நாலு நாள் வரை தாங்கும். வெளியே நாலு மணி நேரம்தான்.) பால் கட்டிக்கொள்ளாமலிருக்க, பெண் கிளம்பும் முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத்தான் விட்டாள்.

“இப்போ எங்கேடி?”

“ஸ்போர்ட்ஸ் பாருக்கு!”

“பாருக்கா? என்னையா?”

“நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. டி.வி.யில மேட்ச் பார்த்துட்டே சாப்பிடற இடம்.”

ரெட் லைன் ரயிலில் அடிசன் ஸ்டேஷன். எதிரே ரிக்லி ஃபீல்ட், 1914-ல் கட்டிய பேஸ்பால் மைதானம். ஒரு தெரு தள்ளி அந்தக் கடை. புகை நாற்றமே இல்லை. 2008 முதல் இங்கே ஓட்டல், பார் எதற்குள்ளும் புகைபிடிக்கக் கூடாது. சுவரெல்லாம் டி.வி. பக்கத்து மேஜையில் என் வயசுக்காரப் பாட்டி ஒருத்தி, தொப்பியும் பனியனுமாக. நாங்கள் எலுமிச்சை ஜூஸும், மாமிசம் சேர்க்காத நாச்சோஸும் வாங்கிக்கொண்டோம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒன்பது சுற்று. மூன்று பேர் அவுட்டானால் அடுத்த கட்சி ஆட வேண்டும். மைதானத்திலிருந்து வரும் ‘ஹோ’ சத்தம் டி.வி.யை முந்திக்கொண்டு விடுகிறது. பந்து பறப்பதை அப்புறம்தான் பார்க்கிறோம்!

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆண் ஆட்டக்காரர்கள் போர்முனைக்குப் போனபோது, 1943-ல் பெண்களுக்கென்றே தொழில்முறை பேஸ்பால் அணிகள் ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்தது இதே ரிக்லி ஃபீல்டில்தான். முழங்கால் சிராய்ந்தாலும் பாவாடையோடுதான் ஆட வேண்டும் என்று விதி. அப்படியும் 1954 வரை ஆடினார்கள்.

ஏழாவது சுற்றில் எல்லாரும் எழுந்து பாடுகிறார்கள். 1908-ல் எழுதிய பாட்டு. நாடகம் பார்க்க அழைக்கிற காதலனிடம் கேட்டி என்ற பெண், “அது வேண்டாம், ஆட்டத்துக்குக் கூட்டிப் போ” என்று கேட்கிறாளாம். எனக்கும் உதடு அசைந்தது.

என் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். “நாலு மாசமா ‘பாலுக்கு நேரமாச்சா’ன்னுதான் கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான்மா ‘ஸ்கோர் என்ன’ன்னு கேட்கறேன்!” என்றாள். சாயந்திரம் வீடு திரும்பியபோது பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை.

அதனால் சகோதரிகளே, நீங்களும் கிளம்பினால் சில குறிப்புகள்: ஒரு மியூசியத்தில் இரண்டு மணி நேரம் போதும். பெஞ்சைக் கண்டால் உட்காருங்கள். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். பாரில் வயதுச் சான்று கேட்பார்கள், பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும். பரிமாறுகிறவருக்குப் பில்லில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் உண்டு.

அடுப்பு எங்கேயும் ஓடிவிடாது. பெட்டியில் பிரசவ லேகியமும் பருப்புப்பொடியும் அடுக்கும்போது, கூடவே நல்ல ஷூ ஒரு ஜோடியும் வையுங்கள்!