வைவாவுக்கும் ஒரு கேஸ் ஷீட்

கரியாஹாட், மார்ச் 28, 2025

சைத்ர மாத சேல் கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில் களைகட்டிவிட்டது. வங்காளப் புத்தாண்டுக்குள் பழைய சரக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் கூவுகிறார்கள். ராஷ்பிஹாரி அவென்யூ நெடுகப் பேரம் நடக்கிறது. பேரத்தில் சொல்லப்படும் விலை எதுவும் உண்மை விலை இல்லை. இரு தரப்பும் இறங்கிவந்து சந்திக்கும் இடமே விலை. மருத்துவக் கல்லூரியில் ஒருவர் 'எனக்குப் போட்ட மார்க் சரியில்லை' என்று மனு கொடுத்தால், அதையும் இந்த மாதிரிப் பேரமாகவே பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மார்க் கேட்டு வந்து நிற்கிறான் என்பார்கள். படிக்கிற காலத்தில் படிக்காமல் இப்போது சண்டைக்கு வருகிறாள் என்பார்கள். இந்தப் பார்வை அடிப்படையிலேயே பிழை என்பது என் எண்ணம். தேர்வாளர் போடும் மார்க், நோயறிதல் போன்றது. இந்த மாணவருக்கு இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது என்று ஆதாரத்தைப் பார்த்து ஒருவர் எட்டும் தீர்மானம் அது. ஒரு மருத்துவர் சொன்ன நோயை இன்னொரு மருத்துவரிடம் காட்டிச் சரிபார்ப்பதை யாரும் பேரம் என்று சொல்வதில்லை. அந்த இரண்டாவது மருத்துவர் முதல் மருத்துவரின் கேஸ் ஷீட்டைக் கேட்டால் அதை அவமதிப்பாகவும் எடுத்துக்கொள்வதில்லை.

இதை இந்த ஊரில் உட்கார்ந்து எழுத இன்றைய தேதி பொருத்தமானது. பதினேழு ஆண்டுகளுக்கு முன், 2008 மார்ச் 28 அன்று, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி ஒரு தீர்ப்புச் சொன்னார். பிரசிடென்சி கல்லூரிக் கணித மாணவர் ஒருவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டிருந்தார். கல்கத்தா பல்கலைக்கழகம் மறுத்திருந்தது. காட்டத்தான் வேண்டும் என்பது தீர்ப்பு. (இதே நீதிபதிதான் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர்.) 2009 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் இதை ஏற்றது. இந்த ஊரிலிருந்தே கிளம்பிய ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில், 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதை உறுதி செய்தது. திருத்திய விடைத்தாள் என்பது தேர்வு வாரியம் யாருக்காகவோ நம்பிக்கையின் பேரில் பூட்டி வைத்திருக்கும் பொருள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எழுதியவர் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் பெறலாம் என்றது. திருத்தியவரின் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். மருத்துவ மாணவருக்கும் இந்த உரிமை அப்படியே உண்டு.

கரியாஹாட், ஏப்ரல் 2

பார்க்கும் உரிமை கிடைத்தது. பார்த்த பிறகு என்ன? 2011 தீர்ப்பே ஒரு கோடு போட்டுவிட்டது. விடைத்தாளைப் பெறுவது வேறு, மறுமதிப்பீடு கேட்பது வேறு. இரண்டாவது வேண்டுமென்றால் பல்கலைக்கழக விதியில் அதற்கு இடம் இருக்க வேண்டும். 1984-இல் மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை இது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 2022 நவம்பரில் டாக்டர் என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழக வழக்கு வந்தபோது, முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்த மறுமதிப்பீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விதியில் இல்லாத மறுமதிப்பீட்டை நீதிமன்றம் உருவாக்கித் தர முடியாது என்பதே காரணம். சட்டப்படி இதில் பிழை காண எனக்கு இடமில்லை. நீதிபதிகள் உடற்கூறியல் விடையைத் திருத்தத் தொடங்கினால் அது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் இதன் விளைவைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கத் திருத்தாமல் விடப்பட்டிருப்பதை மாணவர் தன் கண்ணால் பார்க்கலாம். சரியான விடைக்குக் குறுக்குக்கோடு போட்டிருப்பதைப் பாடநூலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். கூட்டல் பிழையோ, திருத்தாமல் விட்ட பக்கமோ என்றால் ரீடோட்டலிங்கில் சரியாகலாம். விடையை மதிப்பிட்டதிலேயே பிழை என்றால், விதி இல்லாத பல்கலைக்கழகத்தில் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்துவிட்டு, எலும்பு முறிந்திருந்தாலும் கட்டுப் போட விதி இல்லை என்று சொல்வது போன்றது இது.

நீதிமன்றம் எப்போதும் கைகட்டி நின்றதும் இல்லை. மருத்துவப் படிப்புச் சேர்க்கையிலிருந்தே ஒரு முன்மாதிரி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 1982-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த முன்மருத்துவத் தேர்வில் சில கேள்விகளுக்கு விடைக்குறிப்பே தவறாக இருந்தது. 1983-இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றைக்கும் பயன்படும்: விடைக்குறிப்பு சரி என்றே முதலில் கொள்ள வேண்டும், தவறு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவினால் மட்டும் தலையிட வேண்டும், அப்படி நிறுவப்பட்ட பின், பாடநூல்படி சரியாக எழுதியவரைத் தண்டிக்கக் கூடாது. தேர்வாளருக்கு உரிய மரியாதையும் இதில் இருக்கிறது, மாணவருக்கு உரிய நியாயமும் இருக்கிறது. நீதிமன்றம் வரை போகாமல், பல்கலைக்கழகமே இந்த அளவுகோலைத் தன் விதியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

கரியாஹாட், ஏப்ரல் 6

இதுவரை எழுதியது எல்லாம் தாள் இருக்கும் தேர்வைப் பற்றியது. மருத்துவப் படிப்பில் பெரிய சிக்கல் தாளே இல்லாத இடத்தில்தான். 2019-இல் வந்த இளநிலை மருத்துவக் கல்வி விதிகளைப் பாருங்கள். இறுதியாண்டில் பொது மருத்துவத்துக்கு எழுத்துத் தேர்வு 200, செய்முறையும் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வும் சேர்த்து இன்னொரு 200. அறுவை மருத்துவமும் மகப்பேறும் அப்படியே. 2019 விதிகளின்படி இரண்டிலும் தனித்தனியாகப் பாதி மதிப்பெண் வாங்கினால்தான் தேர்ச்சி. ஆக, ஒருவர் மருத்துவராவதா இல்லையா என்பதில் சரிபாதி, ஒரு நோயாளியின் கட்டிலருகிலும் ஒரு மேசைக்கு எதிரிலும் சில நிமிடங்களில் முடிவாகிறது. என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது, எந்த இடத்தில் மாணவர் தடுமாறினார் – எதற்கும் தடயம் இல்லை. ஒரு எண் மட்டும் மார்க் ஷீட்டில் ஏறுகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டாலும், இல்லாத ஆவணத்தை யார் தர முடியும்?

மனித மதிப்பீடு எவ்வளவு ஊசலாடும் என்பது நூறாண்டுகளாகத் தெரிந்த செய்தி. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை 142 ஆசிரியர்களிடம் திருத்த வைத்தார்கள். மதிப்பெண் 64-இலிருந்து 98 வரை சிதறியது. கையில் தாள் இருக்கும்போதே இந்த நிலை. கட்டிலருகே என்ன ஆகும் என்பதற்கு மிசௌரி பல்கலைக்கழக மருத்துவ மாணவி ஹொரோவிட்ஸின் வழக்கு சான்று. நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி போதாது என்று 1973-இல் அவரை நீக்கினார்கள். நீக்குவதற்கு முன், கல்லூரியே வெளியிலிருந்து ஏழு மருத்துவர்களை வைத்து அவரைத் தனித்தனியே சோதிக்கச் சொன்னது. இருவர் குறித்த காலத்தில் பட்டம் தரலாம் என்றார்கள். இருவர் உடனே நீக்க வேண்டும் என்றார்கள். மூவர் இப்போது பட்டம் வேண்டாம், இன்னும் கவனித்துப் பார்க்கலாம் என்றார்கள். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் நின்றது. கல்வித் தகுதி பற்றிய முடிவுக்கு முறையான விசாரணை தேவையில்லை என்றது. தோற்ற மாணவியின் வழக்கை நான் எடுத்துக்காட்டக் காரணம் இருக்கிறது. ஒரே மாணவியை ஏழு அனுபவசாலிகள் பார்த்து மூன்று விதமாகச் சொன்னார்கள். அப்படியிருக்க, ஓரிருவர் ஒரு காலைப் பொழுதில் போட்ட எண்ணை மறுபரிசீலனைக்கே அப்பாற்பட்டது என்று எப்படிச் சொல்வது? அதோடு, ஐந்து பேர் குறித்த காலத்தில் பட்டம் வேண்டாம் என்றது கல்லூரியின் முடிவுக்கு வலுச் சேர்த்தது. மறுபரிசீலனை நல்ல தேர்வாளருக்குக் கவசமாகவும் இருக்கிறது.

வைவாவைப் பதிவு செய்வது புதிய யோசனையும் இல்லை. 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில், ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இரண்டு மூன்று நிமிட நேர்காணலுக்கு ஒதுக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அன்றைக்கு டேப் ரெக்கார்டர் வேண்டியிருந்தது; இன்று சட்டைப்பையில் இருக்கும் போன் போதும். டண்டியைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டன் 1975-இலேயே 'ஆஸ்கி' முறையைக் கொண்டுவந்தார்: பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பணி, எதைச் செய்தால் எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல். அந்தப் பட்டியல்தான் நான் கேட்கும் தடயம். மருத்துவத் தொழிலுக்கு இது அந்நியமான ஒழுங்கும் இல்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுதி வைக்காத சிகிச்சை செய்யாத சிகிச்சை என்றே வார்டில் கற்பிக்கிறோம். அதே ஆசிரியர்கள் அதே மாணவருக்குப் போடும் மதிப்பெண்ணுக்கும் ஒரு கேஸ் ஷீட் இருக்கட்டும்.

கரியாஹாட், ஏப்ரல் 9

எதிர்வாதங்களில் கனமானது நோயாளியை முன்வைப்பது. மற்றத் துறையில் ஒருவர் மனுப் போட்டுத் தேறினால் போகட்டும். மருத்துவத்தில் அது உயிரோடு விளையாடுவது என்பார்கள். இந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்பதால்தான் திறந்த முறை வேண்டும் என்கிறேன். தடயமில்லாத தேர்வு நல்ல மாணவரைத் தோற்கடிக்கும் அளவுக்கு எளிதாகத் தகுதியற்றவரைத் தேறவும் வைக்கும். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மேற்கு வங்க மருத்துவக் கல்லூரிகளின் 'மிரட்டல் கலாசாரம்' பற்றி மாணவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் தேர்வில் தோற்கடிப்போம் என்று சிலர் பயமுறுத்தினார்கள், வேண்டியவர்களுக்கு மதிப்பெண் கூட்டப்பட்டது என்பன அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகள். அக்டோபர் 5 முதல் 21 வரை தர்மதலாவில் இளநிலை மருத்துவர்கள் நடத்திய உண்ணாவிரதத்தின் பத்துக் கோரிக்கைகளில் மிரட்டலை ஒழிப்பதும் ஒன்று. அந்தக் குற்றச்சாட்டுகளில் எது மெய், எது மிகை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு: வைவாவுக்கு ஆவணம் இருந்திருந்தால், அந்தக் குற்றச்சாட்டுகளை மெய்ப்பிக்கவும் முடிந்திருக்கும், பொய்ப்பிக்கவும் முடிந்திருக்கும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம் என்ற விதியையும் நான் ஆதரிக்கிறேன். உண்மையான நம்பிக்கையோடு வருபவர் அந்த நிபந்தனைக்கு அஞ்ச மாட்டார்.

தேர்வாளரின் பாதுகாப்பு என்ற வாதமும் நியாயமானதே. தோற்ற மாணவரின் கூட்டாளிகள் வீட்டு வாசலில் வந்து நின்றால் எந்தப் பேராசிரியர் மனசாட்சிப்படி மதிப்பெண் போடுவார்? அதனால்தான் 2011 தீர்ப்பு பெயரை மறைக்கச் சொன்னது, மறைக்கட்டும். காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான தாள்களை யார் மறுபடி திருத்துவது என்ற கேள்வி பள்ளி வாரியங்களுக்குப் பொருந்தும். ஒரு பாடத்தில் தோற்று, குறிப்பிட்ட பிழையைச் சுட்டி மனுப் போடும் மருத்துவ மாணவர்களுக்கு அது பொருந்தாது.

கரியாஹாட், ஏப்ரல் 13

நாளை நம் புத்தாண்டு, மறுநாள் வங்காளிகளுடையது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பூவும் வேப்பம்பூவும் வாங்கும் நாள். அகில இந்திய ஒதுக்கீட்டில் இந்த ஊர்க் கல்லூரிகளுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறேன். கட்டிலில் இருக்கும் நோயாளி வங்காளத்தில் பேசுகிறார். வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் பரவுகிறது என்று மாணவர் அந்த மொழியிலேயே கேட்டறிய வேண்டும். முதலாண்டு அடித்தளப் பயிற்சியில் வட்டார மொழி இருக்கிறது. ஆனாலும் தடுமாற்றம் மொழியினாலா, மருத்துவ அறிவினாலா என்பதை ஒற்றை எண் சொல்லாது. 'நோய் வரலாறு கேட்டதில் குறை. உடல் பரிசோதனை சரி. நோயறிதல் சரி' என்று தனித்தனியாக எழுதிய தாள் சொல்லும். மனுப் போட வேண்டுமா, வங்காளம் படிக்க வேண்டுமா என்று அந்த மாணவரே அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

மனுப் போடுவதற்கு இன்றைக்கு உள்ள பெரிய தடை பயம். உள்மதிப்பீடு போடுபவரும், அடுத்த முறை மேசைக்கு எதிரில் உட்காரப்போகிறவரும் அதே துறைக்காரர்கள். நூறு மாணவருக்குக் குறைந்தது நான்கு தேர்வாளர், அவர்களில் பாதிப்பேர் வெளியார் என்ற பழைய விதி நல்ல விதி. மனுவை விசாரிப்பவர் முழுக்க முழுக்க வெளிக் கல்லூரிக்காரராக இருக்க வேண்டும் என்பதை அதோடு சேர்த்தால் போதும். இன்னொரு தடை காலம். முதலாண்டுப் பாடங்களுக்கு நான்கு முறைதான் வாய்ப்பு, மொத்தப் படிப்புக்கு ஒன்பது ஆண்டு என்று விதி கழுத்தைப் பிடிக்கும் படிப்பு இது. ஒவ்வொரு தோல்வியும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. முடிவு வந்த சில வாரங்களில் சப்ளி எனப்படும் துணைத் தேர்வு வந்துவிடும். தகவல் உரிமைச் சட்டம் பதிலுக்குத் தரும் அவகாசமோ முப்பது நாள். விடைத்தாள் நகல் தபாலில் வரும்போது மாணவர் மறுபடியும் அதே தேர்வறையில் உட்கார்ந்திருப்பார். நோயாளிக்குத் தர முடிகிற அந்த 72 மணி நேரத்தை மாணவருக்கும் தந்தால், சப்ளிக்குக் கட்டணம் கட்டும் முன்பே தன் தாளைப் பார்த்துவிடலாம்.